அரைக்கட்டை இறக்கித் தந்த கிட்டார்: ஆறு வருட அனுபவம்

ஆறு வருடங்களுக்கு முன் நான் வாங்கிய எலக்ட்ரிக் கிட்டாருக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டரே இருந்தது. ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும், அதன் அதிர்வை மின்சிக்னலாக்கும் தனி பியஸோ பிக்கப். அதில் வரும் ஒலியை உள்ளே இருக்கும் சிப் வேறொன்றாக மாற்றித் தரும். ஒரு நாப்பைத் திருப்பினால் அக்கூஸ்டிக், இன்னும் கொஞ்சம் திருப்பினால் 12 ஸ்ட்ரிங். இதுபோக காந்தத்தால் இயங்கும் வழக்கமான ஹம்பக்கர் பிக்கப் இரண்டும் உண்டு. கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். இந்த வகை கிட்டாரை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் அதை வாங்கியதற்கு ஒரே காரணம் சுருதி. கல்யாண ரிசப்ஷன்களிலும் திருவிழாக் கச்சேரிகளிலும் வாசிப்பவன் நான். மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போது பாடகர் வந்து, "அண்ணே, தொண்டை சரியில்ல, இந்தப் பாட்டை மட்டும் அரைக்கட்டை இறக்கிக்கலாமா?" என்பார். கீபோர்டுக்காரருக்கு டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டு தட்டினால் போதும். கிட்டாரின் கழுத்தை (நெக்) கவ்விப் பிடிக்கும் கேப்போவைப் போட்டால் சுருதி ஏறும், இறங்காது. கார்டை மாற்றிப் பிடிக்கலாம்தான், ஆனால் ஓபன் ஸ்ட்ரிங்கின் அதிர்வை நம்பி அமைந்த பாட்டில் அந்த நிறமே போய்விடும். ஆறு ஸ்ட்ரிங்கையும் தளர்த்தி, அடுத்த பாட்டுக்கு மறுபடி முறுக்க மேடையில் நேரம் ஏது?

புதுக் கிட்டாரில் ஒரு நாப்பைத் திருப்பினால் போதும், ஸ்ட்ரிங்கைத் தொடாமலே அரைக்கட்டை இறங்கிவிடும். கார்டு ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கும். வீட்டில் சத்தத்தைக் குறைத்து வாசித்தால் மட்டும், ஸ்ட்ரிங்கின் நிஜச் சுருதியும் ஸ்பீக்கரில் வரும் சுருதியும் சேர்ந்து காதில் விழுந்து குழப்பும். மேடையில் டிரம்ஸ் அடிக்கும்போது அது தெரியாது. முதல் இரண்டு வருடம் நான் அவ்வளவு சந்தோஷமாக வாசித்தேன்.

மூன்றாவது வருடம் போன் மாற்றினேன். ட்யூனிங்குகளைச் சேமிக்கும் ஆப் புதுப் போனில் திறக்கவே இல்லை. சரி, இருப்பதை வைத்து ஓட்டலாம் என்று ஓட்டினேன். ஐந்தாவது வருடம் ஒரு ரிசப்ஷனில், சரணம் தொடங்கும் இடத்தில் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. பேட்டரி நிறைய இருந்தது, செத்தது சிப். ஹம்பக்கருக்கு மாறிச் சமாளித்தேன். இறக்கிய சுருதி பறிபோனதால், அந்தப் பாட்டு முழுவதும் ஒவ்வொரு கார்டையும் ஒரு பிரெட் (நெக்கில் பதித்த உலோகக் கோடு) கீழே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. சிப் இருக்கும் அந்த சர்க்யூட் போர்டு இப்போது தயாரிப்பில் இல்லை என்று சர்வீஸில் சொன்னார்கள். நெக் அப்போதும் வளையாமல் நேராக இருந்தது. எனக்கு அதுதான் ஆற்றவில்லை.

ஃபெண்டர் கம்பெனியின் எலக்ட்ரிக் கிட்டார்களான, 1951-இல் வந்த டெலிகாஸ்டரும் 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் இன்றும் கிட்டத்தட்ட அதே வயரிங்கோடு வாசிக்கப்படுகின்றன. உள்ளே இருப்பது பிக்கப், நாப்புகள், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஸ்விட்ச், ஜாக், அவ்வளவுதான். சால்டரிங் தெரிந்த யாரும் சரிசெய்துவிடலாம். இன்னொரு கிட்டார் கம்பெனியான கிப்சன் 2007-இல் தானாக ட்யூன் செய்துகொள்ளும் ரோபோ கிட்டாரைக் கொண்டுவந்தது. 2015-இல் அமெரிக்கத் தயாரிப்பு மாடல்களில் பெரும்பாலானவற்றில் தானியங்கி ட்யூனரை வைத்து விலையையும் ஏற்றியது. அடுத்த வருடமே அது இல்லாத பழைய பாணி மாடல்களைத் தனி வரிசையாக விற்க வேண்டியதாயிற்று.

கிட்டாரிஸ்டுகளுக்குத் தொழில்நுட்பமே பிடிக்காது என்று இதை வைத்துச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆம்ப்பையே டிஜிட்டலாக நகலெடுக்கும் பெட்டிகளை வைத்துத்தான் எங்களில் பலர் மேடையேறுகிறோம். ஆனால் அவை காலடியில் இருக்கின்றன. ஒன்று கெட்டால் வேறொன்றை வாங்கிச் சொருகலாம், கை பழகிய நெக் நம்மிடமே இருக்கும். ரோலண்ட் 1977-இல் கொண்டுவந்த ஜிஆர்-500 கிட்டார் சின்தஸைசரிலேயே ஒலியை உருவாக்கும் பகுதி தனிப் பெட்டியாகத்தான் இருந்தது.

மரத்துக்குள் வேண்டும் என்று நான் கேட்பவை வேறு: ஸ்ட்ரிங்கை நழுவாமல் கவ்விப் பிடிக்கும் லாக்கிங் ட்யூனர், எளிதில் தேயாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரெட். எவர்ட்யூன் பிரிட்ஜ் பேட்டரியே இல்லாமல் ஸ்பிரிங் விசையால் ஸ்ட்ரிங்கின் இழுவிசையை ஒரே அளவில் வைத்திருக்கிறது. அந்த மாதிரி மூளையை எத்தனை வேண்டுமானாலும் வைக்கட்டும்.

போன வருடம் அந்த போர்டையும் பேட்டரியையும் கழற்றச் சொல்லிவிட்டேன். ஹம்பக்கரிலிருந்து 500கே வால்யூம், டோன், நேராக ஜாக் என்று வயரிங் மாற்றியாயிற்று. இப்போது வாரம் இரண்டு கச்சேரிக்கு அதுதான் வருகிறது. அரைக்கட்டை இறக்கக் காலடியில் ஒரு பெடல் வைத்திருக்கிறேன். லீட் வாசிக்கும்போது குறையில்லை. ஆறு ஸ்ட்ரிங்கையும் சேர்த்து மெதுவாக வருடும் கார்டில் மட்டும் கொஞ்சம் கலங்கல் தெரிகிறது. ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் தனியாகக் கேட்ட அந்த சிப்பின் தெளிவு பெடலில் வரவில்லை. அப்படிப்பட்ட பாட்டு வரும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்கிறேன்.