கரடிப்போக்கில் ஒரு பழுதுபார்க்கும் கடை: நாஸ் பெட்டியின் மின்கோளாறு

கிளிநொச்சியிலிருந்து பரந்தன் நோக்கி ஏ-9 வீதியில் போகும்போது, கரடிப்போக்குச் சந்தியை அண்டி ஒரு சிறிய இலத்திரனியல் பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. விளம்பரம் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரைக் குறிப்பிடவில்லை. கைத்தொலைபேசித் திரை மாற்றுவதும் யூ.பி.எஸ் பற்றரி மாற்றுவதுமே அங்கே அன்றாட வேலை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் அவசர அவசரமாக வாங்கப்பட்ட யூ.பி.எஸ்கள் பலவும் இப்போது பற்றரி செத்து அவருடைய வாசலில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நாஸ் (NAS) பெட்டியுடன், அதாவது வீட்டு வலையமைப்பில் இணைத்துக் கோப்புகளைச் சேமித்துவைக்கும் வன்தட்டுப் பெட்டியுடன், போகிறவர்கள் அரிது. ஆனாலும் பழுதை ஊகிக்காமல் சோதித்தே முடிவு சொல்லும் பழக்கம் அங்கே உண்டு. அதற்காகத்தான் இந்த மதிப்புரை.

என் வீட்டிலுள்ளது இரண்டு வன்தட்டுகள் கொண்ட நாஸ். குடும்பப் படங்களுடன் ரியூசன் பிள்ளைகளுக்கான கடந்தகால வினாத்தாள்களும் அதில்தான் இருக்கின்றன. ஒரு மின்தடைக்குப் பிறகு அது எழும்ப மறுத்தது. பொத்தானை அழுத்தினால் நீல விளக்குச் சிமிட்டும், வன்தட்டுகள் சுழலத் தொடங்கும் ஓசை கேட்கும், பிறகு எல்லாம் அணைந்துவிடும். சிறிது நேரத்தில் அதே சுற்று மறுபடியும் தொடங்கும். விற்ற இடத்துக்குத் தொலைபேசியில் விவரித்தபோது, மதர்போட் போயிருக்கும், திருத்துவதைவிடப் புதியது வாங்குவதே நல்லது என்றார்கள். பெட்டியைப் பார்க்காமலேயே வந்த தீர்ப்பு அது.

கரடிப்போக்கில் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது. உரிமையாளர் முதலில் இரண்டு வன்தட்டுகளிலும் நாடா ஒட்டி 1, 2 என்று எழுதிவிட்டு அவற்றை வெளியே இழுத்தார். தட்டுகளின் ஒழுங்கு மாறாமல் இருக்க வேண்டும் என்ற கவனம் எல்லாத் திருத்துநருக்கும் இருப்பதில்லை. தட்டுகள் இல்லாமல் மின் கொடுத்தபோது பெட்டி எழும்பி அணையாமல் நின்றது. மதர்போட் முழுதாகச் செத்திருந்தால் அது இந்த அளவுக்குக்கூட வராது. ஆகவே சந்தேகம் பெட்டிக்கு மின் கொடுக்கும் அடப்டர் மீது திரும்பியது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அடப்டரின் முனையில் மல்ரிமீற்றரை வைத்தபோது 12 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டியது. பலர் இந்த இடத்தில் அடப்டர் நல்லது என்று எழுதிவிடுவார்கள், ஏனெனில் சுமை இல்லாத நிலையில், அதாவது மின் இழுக்கும் எதையும் இணைக்காதபோது, நலிந்த அடப்டரும் சரியான அளவையே காட்டும். அவர் சுமையாக இணைப்பதற்கு மேசை லாச்சியிலிருந்து வாகனச் சிக்னல் பல்ப்புகள் இரண்டை எடுத்தார். ஒவ்வொன்றும் 21 வோட், அதாவது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.75 அம்பியர் இழுக்கும். முதல் பல்ப்பை இணைத்தபோது அளவு அசையவில்லை. இரண்டாவதையும் சேர்த்ததும் அது 11 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தது, இரண்டு பல்ப்புகளும் மங்கி மங்கி எரிந்தன. "அண்ணை, பெட்டியிலை பிழை இல்லை, அடப்டர்தான் களைச்சுப்போச்சு" என்றார்.

காரணமும் எளிது. 3.5 அங்குல வன்தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அதிகம் கேட்பதில்லை. நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் மட்டும் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 அம்பியர் வரை கேட்கும். இரண்டு தட்டுகள் ஒன்றாகத் தொடங்கினால் 5 அம்பியர் அடப்டரின் பெரும் பங்கு அப்போதே போய்விடுகிறது. வெக்கையில் அடப்டருக்குள் மின்னைத் தேக்கிவைக்கும் கப்பாசிற்றர்கள் உலர்ந்து வலுவிழந்திருந்தால் அந்தச் சில விநாடிகளை அதனால் தாங்க முடியாது. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் பெட்டியில் இந்த நலிவு வெளியே தெரியாது. மின்தடை வந்து மறுபடி தொடங்க வேண்டிய தருணத்தில்தான் அது அம்பலமாகும். அலுமாரிக்குப் பின்னால் காற்றோட்டமின்றிக் கிடந்த அடப்டர் எங்கள் வன்னி வெயிலில் இவ்வளவு காலம் உழைத்ததே பெரிது.

சிசிரிவி கமராவுக்கான 12 வோல்ட் 2 அம்பியர் அடப்டர்கள் அவருடைய கண்ணாடிப் பெட்டியில் நிறையவே தொங்கின. பிளக் பொருந்தினாலும் அதைத் தரமாட்டேன் என்று மறுத்து, கொழும்பிலிருந்து 12 வோல்ட் 6 அம்பியர் அடப்டரை வரவழைத்தார். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், அம்பியர் கூடினால் கெடுதல் இல்லை. பிளக்கின் நடுத்துளை 2.1 மில்லிமீற்றரா 2.5 மில்லிமீற்றரா என்பதையும், நடுமுனை நேரா (+) மறையா (−) என்பதையும் பழையதுடன் ஒப்பிட்டே ஓடர் கொடுத்தார். வெளிவிட்டம் ஒன்றாக இருப்பதால் இந்த இரு அளவுகளும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். துளை பெரிதான பிளக் சிறிய ஊசியில் தளர்ந்து நின்று பொறி தட்டும். புதிய அடப்டருடன் பெட்டி முதல் அழுத்தத்திலேயே எழும்பியது, தரவுகள் அனைத்தும் அப்படியே இருந்தன. கூலி நியாயமானது, பழைய அடப்டரையும் கேட்காமலேயே திருப்பித் தந்தார்.

குறைகளும் உண்டு. அடப்டர் எப்போது வரும் என்பதற்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை; தொலைபேசியில் கேட்கும் ஒவ்வொரு முறையும் நாளைக்கு என்றே சொன்னார்கள். பற்றுச்சீட்டில் வெறும் தொகை மட்டும் இருந்தது, உத்தரவாதம் வாய்ச்சொல்லோடு நின்றது. தட்டுகளைத் தொடுவதற்கு முன் வேறு பிரதி வைத்திருக்கிறீர்களா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். இரண்டு தட்டுகளில் ஒரே தரவு இருப்பது ஒரு தட்டுப் பழுதானால் மட்டுமே கைகொடுக்கும். மின்னல் இரண்டையும் சேர்த்து எரித்தால் உதவாது.

யூ.பி.எஸ் விடயத்தில் அவருடைய ஆலோசனையை நான் ஏற்கவில்லை. அவர் விற்பது யூ.எஸ்.பி இணைப்பு இல்லாத மலிவான வகை. நாஸ் பெட்டிக்கு அந்த இணைப்பு முக்கியம், ஏனெனில் மின் போய்ப் பற்றரியும் இறங்கும்போது யூ.பி.எஸ் சொன்னால்தான் பெட்டி எழுதிக்கொண்டிருப்பதை முடித்து ஒழுங்காக மூடும். அத்துடன் தண்ணீர் மோட்டர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வோல்ட் தாழும் எங்கள் வீடுகளுக்கு, பற்றரியை நாடாமலேயே மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் லைன் இன்டராக்டிவ் வகைதான் ஏற்றது. இரண்டு தட்டுப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 650 விஏ (வோல்ட்-அம்பியர்) யூ.பி.எஸ் தாராளமாகப் போதும். அதை நான் வவுனியாவில் வாங்கிக்கொண்டேன்.

திருத்த வேலைக்கு இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஏ-35 வழியாக வருகிறவர்களுக்கும் பரந்தனிலிருந்து சிறிது தூரமே. பெட்டியுடன் அதன் அடப்டரையும் கட்டாயம் கொண்டுபோங்கள். அது இல்லாமல் வருகிறவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார்.