கோஸா, மரவள்ளியா, கம்பா: தைராய்டுக்கு எது நிஜ வில்லன்?

தைராய்டு இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் அத்தை, கல்யாணப் பந்தியில் கோஸ் பொரியல் வாளி வந்தாலே இலையைக் கையால் மூடிக்கொள்கிறார். அதே அத்தைதான் தினமும் காலையில் தைராய்டு மாத்திரையை ஃபில்டர் காபியோடு விழுங்குகிறார். காபி அந்த மாத்திரை குடலில் ஏறுவதையே குறைக்கும். பழியெல்லாம் கோஸுக்கு.

கோஸுக்கு அந்தக் கெட்ட பெயர் வந்தது 1928இல். அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேறு ஏதோ ஆராய்ச்சிக்காக வளர்த்த முயல்களுக்குக் கோஸையே முக்கியத் தீனியாகப் போட, அவற்றுக்குக் கழுத்துக் கழலை, அதாவது தைராய்டு சுரப்பி வீக்கம், வந்துவிட்டது. கோஸ் குடும்பத்துக் கீரை, காய்களை நறுக்கும்போதும் மெல்லும்போதும் அவற்றில் இருக்கிற ஒரு நொதி வேலை செய்ய ஆரம்பிக்கும், அதில் பிறக்கிற பொருள்களில் ஒன்றான காய்ட்ரின், தைராய்டு அயோடினை ஒட்டவைத்து ஹார்மோன் உண்டாக்கும் வேலையைக் கெடுக்கும். ஆனால் வேகவைத்தால் அந்த நொதி செத்துப்போகிறது (அதன் வேலையைக் குடல் பாக்டீரியா கொஞ்சம் செய்யும், அது வேறு). 2010இல் வெளியான ஒரு அமெரிக்க மருத்துவக் குறிப்பில், 88 வயதுப் பாட்டி ஒருவர் பல மாதங்கள் தினமும் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ வரை கோஸ் குடும்பத்துச் சீனக் கீரையான பாக் சோயைப் பச்சையாகத் தின்று, தைராய்டு அடியோடு குறைந்து ஆபத்தான நிலைக்குப் போயிருக்கிறார். ஒன்றரை கிலோ, அதுவும் பச்சையாக! பந்தியில் வைப்பது ரெண்டு கரண்டி.

மரவள்ளி வேறு வழியில் வருகிறது. அதிலிருக்கும் சயனைடை உடம்பு தயோசயனேட்டாக மாற்றிச் சமாளிக்கும், அந்தத் தயோசயனேட் தைராய்டின் வாசலில் அயோடினோடு முண்டியடிக்கும். காங்கோவின் கிவு ஏரியில் இருக்கும் இத்ஜ்வி தீவில் கழலை பரவலாக இருந்ததற்கு மரவள்ளியும் அயோடின் பஞ்சமும் சேர்ந்ததுதான் காரணம் என்று கண்டார்கள். அயோடின் போதுமான அளவு இருந்தால் அந்த முண்டியடிப்பில் தயோசயனேட் தோற்றுவிடும். அப்புறம், கிழங்கைத் துண்டு போட்டு, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுகிற நம் பழக்கமே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

என்னை யோசிக்க வைத்தது கம்புதான். சிறுதானியம் என்றால் அமிர்தம் என்று எல்லாரும் பேசுகிற காலத்தில் இதை யாரும் சொல்வதில்லை. சூடானின் டார்ஃபூரில் கம்பையே மூன்று வேளையும் நம்பி வாழ்ந்த ஊர்களில் கழலை அதிகம். கம்பில் இருக்கும் வைடெக்சின் போன்ற பொருள்கள் ஹார்மோனை உண்டாக்கும் நொதியையே தடுக்கின்றன, வேகவைத்தாலும் போகாது. இவை அதிகம் இருப்பது மேல் தவிட்டில். குத்திப் புடைத்தால் குறையும், முழுத் தானியம்தான் சத்து என்று அப்படியே அரைத்தால் குறையாது. டார்ஃபூரில் அயோடினும் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதனால் வாரத்தில் ரெண்டு நாள் கூழ் குடிக்கிறவரை நான் பயமுறுத்த மாட்டேன். ஆனால் தினசரிச் சாப்பாட்டையே கம்புக்கு மாற்றுகிற தைராய்டுக்காரர் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

என் வரிசை இதுதான்: தினசரி உணவாக வந்தால் கம்பு முதலில், அயோடின் இல்லாத வீட்டில் மரவள்ளி அடுத்து, வெந்த கோஸ் கடைசியில், அதுவும் ரொம்பத் தள்ளி.

அயோடின் என்றதும் அத்தை வீட்டு உப்பு ஜாடி ஞாபகம் வந்து, போன வாரம் போனபோது திறந்து பார்த்தேன். சாப்பாட்டுக்கு அயோடின் கலக்காத உப்பு விற்கக் கூடாது என்று 2006இலிருந்து நாடு முழுக்கத் தடை இருக்கிறது. ஜாடியில் இருந்தது கல்லுப்பு, தெருவில் சைக்கிளில் வந்தவரிடம் படிக்கணக்கில் வாங்கியதாம். "பாக்கெட் உப்பில் கெமிக்கல் கலக்குறாங்கப்பா" என்றார்.