மூளைக்குள் வளைந்து செல்ல எது ஏற்றது: குளவி ஊசியா, வளைகுழலா?

மூளையின் ஆழத்திலுள்ள கட்டியை எட்டுவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது நேராகச் செல்லும் விறைப்பான ஊசிதான். வழியில் இரத்தக் குழாயோ பேச்சுக்குரிய பகுதியோ குறுக்கிட்டால், மருத்துவர் மண்டையோட்டில் துளையிடும் இடத்தை மாற்றலாமே தவிர ஊசியை வளைக்க முடியாது. போதாததற்கு, மூளை கட்டித் தயிரைப் போல இளகியது என்பதால், ஊசியை அழுத்தும்போது திசுவும் நகர்ந்து, ஸ்கேனில் குறித்த இலக்கே இடம் மாறிவிடக்கூடும்.

இதற்கு மாற்றாக லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஃபெர்டினாண்டோ ரோட்ரிகெஸ் இ பாயேனா குழுவினர் உருவாக்கிய ஊசிக்கு, பைன் மரத்தைத் துளைத்து முட்டையிடும் மரக்குளவியே முன்மாதிரி. முட்டையிடும் அதன் மெல்லிய உறுப்பை மரத்தில் வைத்து அழுத்தினால் அது மடங்கிவிடும். ஆகவே குளவி வெறுமனே அழுத்துவதில்லை. நீளவாக்கில் பிரிந்த அதன் தண்டுகளில் ஒன்று பற்களால் மரத்தைப் பற்றி நிற்க, அந்தப் பிடிமானத்தில் மற்றொன்று சிறிது முன்னேறும். பிறகு முறை மாறும். ஊசியும் அவ்வாறே ஒன்றோடொன்று கோத்து வழுக்கும் நான்கு துண்டங்களால் ஆனது, விட்டம் 2.5 மி.மீ. முனை சாய்வாகச் சீவப்பட்டிருப்பதால், எந்தத் துண்டம் முந்துகிறது என்பதைப் பொறுத்துத் திசையும், எவ்வளவு முந்துகிறது என்பதைப் பொறுத்து வளைவும் அமைகின்றன. முனை போட்ட தடத்திலேயே உடலும் பின்தொடர்வதால், பக்கத்துத் திசு கிழிபடுவது குறைகிறது. ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த ஈடன்2020 திட்டத்தில் இது உயிருள்ள செம்மறியாட்டின் மூளையில் சோதிக்கப்பட்டது.

போட்டியாக நிற்பவை, நிட்டினால் எனப்படும் நிக்கல்-டைட்டானியம் கலப்புலோகத்தில் முன்கூட்டியே வளைத்த குழல்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய வளைகுழல் கருவிகள். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியல் வளைந்திருந்தால் எப்படியோ, அப்படி. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பியர் டூபான்ட்டும், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வெப்ஸ்டரும் இவற்றை வளர்த்தெடுத்தவர்கள். ஒவ்வொரு குழலையும் திருப்பியும் நீட்டியும் மொத்த வளைவை மாற்றலாம். துதிக்கை, ஆக்டோபஸ் கை என்றெல்லாம் இவற்றை உவமிப்பதுண்டு. உருவம் ஒத்திருக்கிறதே ஒழிய, தசையின் வேலையை இங்கே செய்வது உலோகத்தின் மீள்திறன்தான். குளவி ஊசியோ இயங்கும் முறையையே கடன் வாங்கியிருக்கிறது.

ஆனால் இயற்கையோடுள்ள அந்த நெருக்கம் மட்டும் வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. மூளை அறைகளைப் போன்ற நீர் நிறைந்த வெளியில் பற்றிக்கொள்ளத் திசு இல்லாததால் குளவி ஊசி திசை திரும்ப வழியில்லை. வளைகுழலுக்கோ அதுவே வசதியான இடம். உறைந்த இரத்தத்தை உறிஞ்சி எடுக்கவும் அதன் உட்துளை உதவும். எனினும் குழல்களில் முறுக்கு சேர்ந்து திடீரென விடுபட்டால் முனை துள்ளிவிடக்கூடும் என்பது அதன் பெரும் குறை. 2019இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழு காட்டிய, 0.6 மி.மீ.க்கும் மெல்லிய காந்த இழை இரத்தக் குழாய் வழியே செல்வதற்கானது என்பதால் இந்தப் போட்டியில் சேராது.

கட்டிக்குள் நேரடியாக மருந்து செலுத்த வேண்டுமென்றால் என் தேர்வு குளவி ஊசியே. திசுவை வெட்டி எடுப்பதுதான் நோக்கமென்றால் அதனால் பயனில்லை. அதன் துண்டங்களிலுள்ள நுண்துளைகளில் மருந்தும் ஒளியிழையும் செல்லும், இடுக்கி செல்லாது.