நாலு வருஷமா புன்னை எண்ணெய் தேய்ச்சதுல நான் பாத்தது

நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்துல எங்க ஊரு. புன்னங்கொட்டைய வச்சு கோலி ஆடித்தான் வளந்தோம், ஆனா அந்த எண்ணெய்ய மருந்தா எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சு இப்பதான் நாலு வருஷம் ஆகுது. பாட்டி காலத்துல வெளக்கெரிக்க, கை கால் வலிக்குன்னு எல்லாத்துக்கும் இதான். இப்ப இதையே டமானு ஆயில்னு சின்ன பாட்டில்ல அடைச்சு நல்ல விலைக்கு விக்கிறாங்க.

எங்களுக்கு மீன் வியாபாரம், விடியக்காலைல இருந்து ஐஸ் தண்ணியிலயும் உப்புத் தண்ணியிலயும்தான் கால் இருக்கும், பித்தவெடிப்பு ரத்தம் வர்ற அளவுக்குப் போயிடுச்சு. ராத்திரி வெதுவெதுப்பான தண்ணில கால கழுவி, நல்லாத் தொடச்சிட்டு, புன்னை எண்ணெய் அஞ்சாறு சொட்டு, அதே அளவு தேங்கா எண்ணெய் கலந்து தேய்ச்சு பழைய காட்டன் சாக்ஸ் போட்டுட்டுப் படுப்பேன். மொத வாரம் ஒண்ணுமே தெரியல. மூணாவது வாரம் காஞ்ச தோல் இளக ஆரம்பிச்சுது, ஒன்றரை மாசத்துல வெடிப்பு மூடிடுச்சு. ஆனா பத்து நாள் விட்டா திரும்ப வந்துடுது, அதனால நிறுத்தாம தேய்க்கணும். கெட்டியா பச்சை கலர்ல இருக்கும், வறுத்த கடலையும் வெந்தயமும் சேந்த மாதிரி வாசம், பெட்ஷீட்ல பட்டா கறை போகவே போகாது.

எண்ணெய் எடுக்குறதுலதான் விஷயமே இருக்கு. வவ்வால் சதையத் தின்னுட்டு மரத்தடில போட்டுட்டுப் போற கொட்டைய பொறுக்கி ஓட்ட உடைச்சா உள்ள பருப்பு வெளிர் மஞ்சளா இருக்கும், அப்ப நசுக்குனா எண்ணெய்யே வராது. மாடில ஆறேழு வாரம் காயப்போட்டா கொஞ்சம் கொஞ்சமா செவந்து பழுப்பாயி, கைல எடுத்தாலே பிசுபிசுன்னு ஒட்டும், அதுக்கப்புறந்தான் ஆட்டணும். கடலை எண்ணெய் ஆட்டுற செக்குல இத போட மாட்டேன்னுட்டாங்க, அது நியாயந்தான், இது வாய்ல படக்கூடாத எண்ணெய். வெளக்கெண்ணெய்க்குன்னு தனியா செக்கு வச்சிருந்த ஒருத்தரத் தேடிப் பிடிச்சோம்.

அம்மா முட்டிக்குத் தேய்ச்சோம். தேய்ச்சு ஒத்தடம் குடுத்தா ராத்திரி தூங்குறாங்க, அது எண்ணெய்யாலயா சூட்டாலயான்னு என்னால பிரிச்சு சொல்ல முடியல. பிஜி தீவுகள்ல மக்கோகாய்ங்கிற இடத்துல 1911ல தொடங்குன தொழுநோய் ஆஸ்பத்திரில கன்னியாஸ்திரிகள் நரம்பு வலிக்கு இதே எண்ணெய்யத் தேய்ச்சிருக்காங்க. இதுல இருக்குற காலோபில்லோலைடுங்கிற பொருள் எலிகளுக்கு வீக்கத்தக் குறைச்சதா ஆராய்ச்சியும் இருக்கு. சும்மா ஒண்ணும் பாட்டிங்க வச்சிருக்கல.

ஆனா எல்லாருக்கும் ஒத்துக்காது. என் தங்கச்சி பருத்தழும்புக்குன்னு மூஞ்சில போட்டா, மறுநாளே செவந்து தடிச்சு ஒரு வாரம் அரிப்பு. இதுக்கு அலர்ஜி ஆகுறவங்க இருக்காங்கன்னு தோல் டாக்டர் சொன்னாங்க. மொதல்ல முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு வச்சு ரெண்டு நாள் பாருங்க.

இன்னொண்ணு, இத சொல்லாம விட மனசு வரல. எங்க பெரியப்பாவுக்கு சுகர், கால் விரல்ல சின்னப் புண்ணு, எனக்கு வெடிப்பு மூடுனதப் பாத்துட்டு அவரும் இதையே பதினஞ்சு நாள் போட்டுக்கிட்டு இருந்திருக்காரு, யார்கிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கறுத்துடுச்சு, ஒரு விரல எடுத்துட்டாங்க. சுகர் இருக்கவங்க கால்ல புண்ணுன்னா எந்த எண்ணெய்யும் வேணாம், அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

வெடிப்புக்கும் வறண்ட தோலுக்கும் நான் இதத்தான் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். இந்த வருஷத்துக்கு நாலு கிலோ பருப்பு மாடில காயுது, இன்னும் செவக்கல. மழை தூறுனா அம்மாதான் மொத ஆளா ஓடிப்போய் அள்ளுறாங்க, முட்டி வலியோட.