தள்ளி இருக்கும் பெரிய வீடா, வேலைக்குக் கிட்டே சிறிய வீடா?

கூடுதலாக ஓர் அறை கிடைத்தால் சந்தோஷம் கூடும் என்றுதான் தோன்றும். கூடும்தான், சில மாதங்களுக்கு. அப்புறம் அங்கே துணி காயும், பழைய பெட்டிகள் குவியும், அறை பழகிவிடும். பயணம் அப்படிப் பழகாது. இன்று நெரிசல், நாளை மழை என்று தினமும் புதிதாக எரிச்சலூட்டும். உளவியலாளர் டேனியல் கானமன் குழு டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை விவரிக்கச் சொல்லி 2004இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குப் போய்வரும் நேரம் மகிழ்ச்சி தரும் செயல்களின் பட்டியலில் அடியில் கிடந்தது. ஜெர்மனியில் பொருளாதார ஆய்வாளர்கள் ஸ்டுட்சரும் ஃப்ரையும் ஆராய்ந்தபோதும், நீண்ட பயணம் செய்பவர்களுக்கு வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருந்தது.

சிறிய வீட்டில் இடநெருக்கடி உண்டு, மறுக்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை என்றால் சரி, பெரியதையே எடுக்கலாம். தினமும் போய்வர வேண்டியவர் என்றால், என் ஓட்டு கிட்டே இருப்பதற்குத்தான்.