சீஸ் சுவைக்கும் வகுப்பு என்று ரூ.4,800 வாங்கி ஏமாற்றுகிறார்கள்: பெங்களூர்த் தமிழர்கள் கவனத்திற்கு

இந்திராநகரில் ஐரோப்பிய சீஸ் வகைகளை அறிந்து சுவைக்கலாம் என்று விளம்பரம் செய்யும் ஒரு சிறிய உணவுக்கடையிடம், எனக்கும் என் மனைவிக்குமாக ரூ.4,800 கட்டி ஏமாந்து, இன்னும் கோபம் ஆறாத நிலையில் இதை எழுதுகிறேன். இத்தகைய வகுப்புகளுக்குப் பணம் கட்டுமுன் கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

விசாரிப்பதற்காக அழைத்தபோது, என் பேச்சைக் கேட்டதுமே எதிர்முனையில் இருந்தவர் தமிழுக்கு மாறி, "நானும் சேலம்தான்ணா, அண்ணியையும் கூட்டிக்கிட்டு தைரியமா வாங்க" என்றார். பிரான்சின் ரோக்ஃபோர், இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, ஸ்பெயினின் மான்செகோ என அடுக்கி, எல்லாமே நேரடி இறக்குமதி என்று உறுதியளித்தார். ஊர் விட்டு வந்து வாழும் இடத்தில் அவ்வளவு உரிமையோடு பேசிய ஒருவரை நம்பி உடனே பணத்தை அனுப்பினேன்.

பார்மிஜானோ குறைந்தது 12 மாதங்கள் முதிர வைக்கப்படுவது. உடைத்தால் மணல்மணலாக உதிரும், அதன் வெளித்தோலில் பெயர் புள்ளி எழுத்துகளால் பொறிக்கப்பட்டிருக்கும். எங்கள் தட்டில் வைத்த துண்டுக்குத் தோலே இல்லை. விரலால் அழுத்தினால் ரப்பரைப் போல வளைந்து நிமிர்ந்தது. ரோக்ஃபோர் செம்மறியாட்டுப் பாலில் செய்து குகைகளில் முதிர வைக்கப்படுவது. காற்றுப் புகுவதற்காக ஊசியால் இட்ட துளைகளின் வழியே பூஞ்சை உள்ளே படர்வதால்தான் அதில் நீலக் கோடுகள் உண்டாகின்றன. எங்களுக்குத் தந்ததிலோ நீலம் மேற்புறத்தில் மட்டும் இருந்தது, வெட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் வெள்ளை. சீஸைச் சற்று நேரம் வெளியில் வைத்திருந்தால்தான் மணம் எழும் என்பதுகூடத் தெரியாமல், எல்லாவற்றையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது சில்லென்றே, பரிமாறினார்கள். கை கழுவப் போன என் மனைவி, மேடையில் கிடந்த காலி உறை ஒன்றை எடுத்துவந்து காட்டினார். அதன் பொருட்பட்டியலில் முதலில் இருந்தது தாவர எண்ணெய், அடுத்தது மாவுச்சத்து. ரூ.4,800-க்கு எங்களுக்குக் கிடைத்தது இதுதான்.

அங்கேயே கேட்டபோது "ஓனர் வெளியூர்ல இருக்கார்ணா" என்றார்கள். பிறகு அழைத்தால், அக்கவுண்ட்ஸில் சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள். உறையின் படத்தை அனுப்பியதும், "சாப்பிட்டதுக்கு எப்படிப் பணம் திரும்பக் கிடைக்கும் சார்?" என்று பதில் வந்தது, அண்ணன் அதற்குள் சார் ஆகிவிட்டேன். அதன்பின் என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். ரூ.4,800 அவர்களிடம்தான் இருக்கிறது.

பணம் கட்டுமுன் உறையையும் லேபிளையும் காட்டச் சொல்லுங்கள். தனிநபர் எண்ணுக்கு ஜிபே செய்யாதீர்கள். பில் இல்லாமல் உட்காராதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் நான் புகார் பதிந்துவிட்டேன். இதேபோல் ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் உடனே பதியுங்கள்.