தகரக் கூலரும் வெட்டிவேரும்: டெல்லியில் ஒரு சின்ன டிசைன் ஸ்டுடியோவின் வெயில்கால ரிவ்யூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பிராண்டு கூலர் இல்லை. ஷாப்பூர் ஜாட்டில் நாலு பேர் வேலை பார்க்கிற டிசைன் ஸ்டுடியோ எங்களுடையது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருப்பதால் ஏப்ரல் கடைசியிலேயே கூரை காய ஆரம்பித்து, ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குக்கூடச் சுவரில் கை வைக்க முடியாது. ஏசி போடலாம் என்றால், வீட்டுக்காரர் அந்த மாடிக்கு வாங்கி வைத்திருக்கிற மின்சார லோடில் கம்ப்யூட்டர்களும் பிரிண்டரும் சேர்ந்து ஓடுவதே பெரிய விஷயம். ஆகவே கோட்லா முபாரக்பூர் பக்கம், வாசலிலேயே தகரம் வெட்டி அடித்துக் கொடுக்கிற ஒரு கடையில் 8,500 ரூபாய்க்குப் பெரிய டெசர்ட் கூலர் ஒன்று வாங்கிவந்தோம். ஒரு முழு சீசன் ஓட்டிப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

நம்ம ஊர்க்காரர்களுக்குக் கூலர் என்றாலே நக்கல். சென்னையில் அது நியாயம்தான், அங்கே காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஈரத்தை அடித்துவிட்டால் புழுக்கம்தான் கூடும். டெல்லி மே மாதம் வேறு ஜாதி. ராஜஸ்தான் பக்கமிருந்து லூ என்கிற அனல்காற்று வீசும்போது காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கும், அந்தக் காற்று, கூலரின் பக்கங்களில் திணித்த பேடு என்கிற நனைந்த மெத்தை வழியாக வரும்போது தண்ணீர் ஆவியாகி அதன் சூட்டை எடுத்துக்கொள்ளும். வெளியே 42, 43 இருக்கும் மதியத்தில் உள்ளே வரும் காற்று தாராளமாகப் பத்து டிகிரி குறைந்து வருகிறது. (2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று நாடே அலறியது, அப்புறம் வானிலைத் துறை வந்து சென்சார் 3 டிகிரி கூடக் காட்டிவிட்டது என்றது. சரி, 49.9 என்றால் மட்டும் என்ன ஸ்வெட்டரா போடப்போகிறோம்?)

ஒரே ஒரு நிபந்தனை. எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஏசி பழக்கத்தில் எல்லாவற்றையும் சாத்திவிட்டு "கூலர் வேலை செய்யவில்லை" என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்கள் பாதிப்பேர். உள்ளே வந்த ஈரக்காற்று வெளியே போக வழி இல்லையென்றால் அரை மணியில் அறை இட்லிப் பானைதான்.

இப்போது பேடு. வழக்கமாக மரத்தைச் சீவிய நாரைத் திணித்துக் கொடுப்பார்கள், இங்கே காஸ் என்கிறார்கள், சீசனுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அட்டைத் தேன்கூடு மாதிரி வருகிற ஹனிகோம்ப் பேடு விலை கூட, ஆனால் சில வருடம் வரும். மூன்றாவது கஸ், அதாவது நம்ம வெட்டிவேர். கொஞ்சம் காசு கூடக் கொடுத்து ஒரு பக்கத்துக்கு மட்டும் வெட்டிவேர் போடச் சொன்னோம். பம்ப் ஓட ஆரம்பித்ததும் எழுந்த வாசனையில் எங்கள் இல்லஸ்ட்ரேட்டர் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். கடலூர்ப் பக்கத்துப் பெண், அவர்கள் ஊர் மணல் காட்டில் விளைகிற வேர் இது. "அண்ணா, எங்க ஊர்ல இதைப் பானைத் தண்ணியில போடுவோம், இவங்க மெஷின்ல போடுறாங்களே" என்றாள். வாசனை முதல் சில வாரங்கள் தூக்கலாக இருக்கும், பிறகு குறைந்துவிடும். அதுவே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது, பெர்ஃப்யூம் கடையில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது.

டிசைன் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது பேப்பரைத்தான். ஈரம் பட்டால் தாள் இழைக்குக் குறுக்காக விரியும், ஓரம் சுருளும். இன்க்ஜெட் பிரிண்ட் அலை அலையாக நிற்கும், மாதிரிக்காக வெட்டி ஒட்டிய மாக்-அப் பெட்டியின் மூலை மறுநாள் காலையில் வாயைப் பிளக்கும். தாள் கட்டுகளையும் ஸ்வாட்ச் என்கிற நிற மாதிரிப் புத்தகங்களையும் இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து உள்ளே எறிந்துவிட்டோம். பிரிண்டரும் மானிட்டரும் காற்றின் நேர்பாதையில் இருக்கக்கூடாது. பேப்பர்வெயிட் இல்லாமல் மேஜையில் எதையும் வைக்காதீர்கள், இன்வாய்ஸ் பக்கத்து மாடிக்குப் போய்விடும்.

ஆனால் இதே ஈரம் வாட்டர்கலருக்குப் பெரிய வரம், இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. வறண்ட மே மாதத்தில் ஒரு பெரிய வாஷ், அதாவது நீர்த்த நிறத்தை அகலமாகப் பரப்புவது, போட்டால், பிரஷ் தாளின் அடுத்த ஓரத்தைத் தொடுவதற்குள் முதல் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். கூலர் ஓடும் அறையில் நிறம் மெதுவாகக் காய்கிறது, ஒன்றோடொன்று கலந்து ஓட நேரம் கிடைக்கிறது. அந்த சமயத்தில் ஒரு சர்பத் பாட்டிலுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தோம். அமிர்தா ஷெர்கில் மார்க்கில் மே மாதம் பூத்துத் தொங்குகிற சரக்கொன்றையின் மஞ்சள், தள்ளுவண்டிக்காரர் பிழிந்து தரும் ஃபால்சா என்கிற குட்டிப் பழத்தின் ஜூஸுடைய ஊதாச் சிவப்பு இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று இறக்கி எடுத்தாள் அந்தப் பெண். கம்ப்யூட்டரில் கிரேடியன்ட் போட்டு நான் காட்டியதைவிடப் பத்து மடங்கு நன்றாக வந்தது, கிளையன்டும் அதைத்தான் எடுத்தார். கறுப்பு மைக்கு இது ஆகாது, காயாமல் கையில் ஒட்டி இழுக்கும். மை வேலைகளைக் கூலர் போடுவதற்கு முன்னால் காலையிலேயே முடித்துவிடுவது உத்தமம்.

சத்தம்? பயங்கரம். தகர உடம்பு, பெரிய ஃபேன், பேசுவதானால் கத்த வேண்டும். கிளையன்ட் கால் வந்தால் யாராவது ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பார், பேசி முடிப்பதற்குள் எல்லோருக்கும் வேர்த்துவிடும். இதனாலேயே எங்கள் நேரமே மாறிப்போனது. காலை ஏழு மணிக்கு ஸ்டுடியோ திறந்து போன் கால்களை எல்லாம் பத்து மணிக்குள் முடித்துவிட்டு, பிறகு யாரும் யாரோடும் பேசாமல் வரைவது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கூலர் முன்னால் பாய் விரித்துத் தூக்கம், வெயில் இறங்கியதும் கீழே போய்ச் சந்துகளில் ஒரு நடை. தையல் கடைகள் வெளியே கொட்டுகிற துணி வெட்டுகளை மூட்டையாக அள்ளிக்கொண்டு வருவோம். எங்கள் கலர் சார்ட்டில் பாதி அதிலிருந்து வந்ததுதான்.

குறை என்று பார்த்தால் கடைக்காரர் எர்த் வயரே கொடுக்கவில்லை. கேட்டதற்கு "யாரும் கேட்பதில்லை" என்றார். தகரமும் தண்ணீரும் மின்சாரமும் சேர்கிற இடத்தில் இது விளையாட்டு இல்லை, ஒவ்வொரு வெயிலிலும் கூலரில் ஷாக் அடித்து ஆள் சாகிற செய்தி வருகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று பின் பிளக்கும் எர்த்திங்கும் போட்ட பிறகுதான் ஓட்டினோம், தண்ணீர் ஊற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். அடுத்தது உப்புத் தண்ணீர். போர் தண்ணீர் ஊற்றினால் பேடில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து காற்று அடைபடும். தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து துடைத்தே ஆக வேண்டும், டெங்கு கொசு இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மாநகராட்சி ஆட்கள் டார்ச்சோடு வந்து தொட்டிக்குள் பார்ப்பார்கள், புழு இருந்தால் அபராத செலான்.

கரண்ட் 200 வாட் பக்கம்தான் இழுக்கிறது, ஒன்றரை டன் ஏசி ஒன்றரைக் கிலோவாட் வரை கேட்கும். மே, ஜூனுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். டெல்லிக்குப் பருவமழை வரும் வழக்கமான தேதி ஜூன் 27, அதற்குப் பிறகு இது வெறும் சத்தம் போடுகிற ஃபேன்தான், பம்பை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். வாங்குவதானால் மார்ச்சிலேயே போய்விடுங்கள், மே மாதத்தில் பேரம் படியாது. ஜன்னல் அளவை எடுத்துக்கொண்டு போங்கள், சக்கரம் வைத்த ஸ்டாண்டு தனி விலை, ஸ்பேர் பம்ப் ஒன்றைச் சேர்த்துக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.